மூளைக் கட்டி, தண்டுவடக் கட்டி: நம் கடலோர ஊர்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாம்பன்தான் என் ஊர். மதுரையில் ஒரு மருத்துவமனையின் நரம்பியல் அறுவை சிகிச்சை வார்டில் 19 வருடம் நர்ஸாக வேலை பார்த்துவிட்டு, இப்போது ஊரோடு இருக்கிறேன். மண்டபம், தங்கச்சிமடம், பெரியபட்டினம், கீழக்கரை என்று எங்கிருந்தாவது யாராவது ஸ்கேன் கவரோடு வந்து வீட்டுத் திண்ணையில் உட்காருவார்கள். "அக்கா, இதுல என்ன போட்டிருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க" என்பார்கள். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்தின் பெயரைப் படித்துவிட்டு யாரும் கடையில் போய் வாங்கிவிட வேண்டாம்.

தினமும் தலை வலிக்கிறது. மூளையில் கட்டியாக இருக்குமோ?

பெரும்பாலும் இருக்காது. தலைவலியோடு வருகிற நூறு பேரில் ஒருவருக்குக்கூடக் கட்டி இருப்பது அபூர்வம். வெயில், தூக்கமின்மை, ஒற்றைத் தலைவலி, பார்வைக் குறை, ரத்த அழுத்தம் என்று வேறு காரணங்கள்தான் நிறைய.

தலைவலி வருகிற விதத்தைப் பாருங்கள். இதுவரை இல்லாத புது வலியா? விடிகாலையில் எழுந்திருக்கும்போதே இருக்கிறதா, தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா? குனிந்தால், இருமினால் கூடுகிறதா? வாந்தி எடுத்ததும் கொஞ்சம் லேசாகிறதா? வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போகிறதா? இவற்றோடு பார்வை மங்கல், ஒரு பக்கக் கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், ஒரு காது மட்டும் சரியாகக் கேட்காமல் போவது, நடையில் தள்ளாட்டம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தாலும் தள்ளிப்போடக் கூடாது.

வலியே இல்லாமலும் வரும். எங்கள் தெருவில் வலை பின்னுகிற அண்ணன் ஒருவருக்கு இடது கையிலிருந்து ஊசி அடிக்கடி நழுவியது. எடுப்பார், பின்னுவார், மறுபடி நழுவும். வயதாகிவிட்டது என்று மூன்று மாதம் விட்டுவிட்டார். வலது பக்க மூளையில் எலுமிச்சை அளவு கட்டி இருந்தது.

40 வயதில் முதல் தடவையாக ஃபிட்ஸ் வந்தது. காத்து கருப்பு என்கிறார்கள். முதலில் ஏர்வாடிக்குக் கூட்டிப்போகட்டுமா?

தர்காவுக்குப் போவது உங்கள் நம்பிக்கை. அதை நான் தடுக்கவில்லை. ஆனால் ஸ்கேன் எடுத்துவிட்டுப் போங்கள். பெரியவர்களுக்கு முதல் முறையாக வலிப்பு வந்தால் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தே ஆகவேண்டும். கட்டியாக இருக்கலாம், பக்கவாதத் தழும்பாக இருக்கலாம், மூளைக்குள் தங்கிய நாடாப்புழுவின் இளம்புழுவாக இருக்கலாம், காசநோய்க் கட்டியாக இருக்கலாம். எல்லாவற்றுக்கும் வெவ்வேறு வைத்தியம்.

மூளையின் முன்பகுதியில் கட்டி வளர்ந்தால் சிலருக்கு வலிப்பே வராமல் ஆளின் குணம் மட்டும் மாறும். சாந்தமாக இருந்தவர் கெட்ட வார்த்தை பேசுவார். கணக்கில் புலியாக இருந்தவர் மீன் விற்ற காசை எண்ணத் தெரியாமல் நிற்பார். குளிக்க மாட்டார், எதிலும் அக்கறை இருக்காது. வீட்டில் இதைப் பேய் என்பார்கள், பைத்தியம் என்பார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்பிக்க வழியில்லாமல் 28 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து, "ஆள் மாறிப்போய்ட்டார்" என்று யார் சொன்னாலும் முதலில் மருத்துவமனைக்குத்தான் கைகாட்டுகிறேன். இப்போது ஏர்வாடியிலேயே துவாவோடு தவாவும், அதாவது பிரார்த்தனையோடு மருந்தும், கிடைக்க அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. தர்காவுக்குப் போனவர்களும் அங்கே டாக்டரைப் பார்க்காமல் திரும்ப வேண்டாம்.

ஃபிட்ஸ் வரும் நேரத்தில் கையில் சாவி கொடுக்கலாமா?

வேண்டாம். இரும்பால் வலிப்பு நிற்காது. வாயில் ஸ்பூன், துணி எதையும் திணிக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், கை காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். சுற்றியுள்ள கல், கட்டை, கத்தியை நகர்த்திவிட்டுத் தலைக்கு அடியில் மடித்த துணி வையுங்கள். துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வழியட்டும். மணி பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால், அல்லது நினைவு திரும்பாமலே அடுத்தது வந்தால், 108.

கண்ணாடிக்கடையில் மூன்று தடவை பவர் மாற்றியும் தெரியவில்லை. கண் டாக்டர் மூளை ஸ்கேன் எடுக்கச் சொல்கிறாரே?

நல்ல டாக்டர் அவர். மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் கண்ணின் பின்னால் இருக்கும் நரம்பு வீங்கும். கண்ணில் சொட்டு மருந்து விட்டு உள்ளே விளக்கடித்துப் பார்த்தால் அது தெரிந்துவிடும். பிட்யூட்டரி சுரப்பியில் வரும் கட்டி பார்வை நரம்புகள் குறுக்கே போகும் இடத்தை அழுத்தும். அப்போது நேரே இருப்பது தெரியும், இரண்டு ஓரமும் தெரியாது. சந்தில் நடக்கும்போது தோள் சுவரில் இடிக்கும். இதற்குக் கண்ணாடி உதவாது. நம் பக்கத்து ஊர்களில் நடக்கும் கண் சிகிச்சை முகாமில் கண்டுபிடிக்கப்பட்டு வார்டுக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சி.டி. எடுத்தாச்சு. மறுபடி எம்.ஆர்.ஐ. எதற்கு? காசு பிடுங்கவா?

இல்லை. சி.டி. வேகமானது. ரத்தக்கசிவு, பெரிய கட்டி, நீர் தேங்குவது ஆகியவை ஐந்து நிமிடத்தில் தெரியும். ஆனால் கட்டி எந்த நரம்பை ஒட்டியிருக்கிறது, எதுவரை ஊடுருவியிருக்கிறது, மூளைத்தண்டில் சின்னதாக ஏதாவது இருக்கிறதா என்பதெல்லாம் எம்.ஆர்.ஐ.யில்தான் தெளிவாகத் தெரியும். அதில் கதிர்வீச்சு கிடையாது, பெரிய காந்தம்தான். 30 முதல் 45 நிமிடம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். தட தடவென்று பெரிய சத்தம் வரும், காதில் பஞ்சு வைப்பார்கள். நடுவில் கையில் ஒரு ஊசி மருந்து போட்டு மறுபடி படம் எடுப்பார்கள். அதற்கு முன்னால் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று ரத்தம் பார்ப்பார்கள். இதயத்தில் பேஸ்மேக்கர், உடம்பில் பிளேட், கிளிப் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

காந்தம் என்பதால் உலோகம் எதுவும் ஆகாது. மெட்டி, மூக்குத்தி, கொலுசு, தாயத்து, தாலி எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். தங்கச்சிமடத்து அம்மா ஒருவர் ஸ்கேன் அறை வாசலில் தாலியைக் கையில் பொத்திக்கொண்டு அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது. கணவர் போய் ஒரு மஞ்சள் கயிறு வாங்கி வந்து, அங்கேயே கழுத்தில் கட்டிவிட்ட பிறகுதான் அந்தம்மா உள்ளே போனார். அன்றிலிருந்து எம்.ஆர்.ஐ.க்குக் கிளம்புகிற வீட்டில், மஞ்சள் கயிறு ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்கிறேன்.

ரிப்போர்ட்டில் கட்டி என்று வந்துவிட்டது. கேன்சர்தானே?

இந்தக் கேள்விக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். மூளைக் கட்டி என்பது ஒரு நோயின் பெயர் இல்லை, நூற்றுக்கும் மேற்பட்ட நோய்களின் பொதுப்பெயர். 'மீன்' என்று சொன்னால் நெத்திலியா சுறாவா என்று கேட்போம் இல்லையா? அதேபோல டாக்டரிடம் "இந்தக் கட்டிக்குப் பெயர் என்ன?" என்று கேளுங்கள். பெயரும் கிரேடும் (எவ்வளவு வேகமாக வளரும் என்று காட்டும் படிநிலை) தெரியாதவரைக்கும் வீட்டில் யாரும் யாருக்கும் நாள் குறிக்க வேண்டாம்.

மூளையை மூடியிருக்கும் உறையில் வருவது மெனிஞ்சியோமா. மூளையிலும் அதன் உறையிலுமே உருவாகிற கட்டிகளில் இதுதான் அதிகம், பெண்களுக்குக் கூடுதலாக வருகிறது. பெரும்பாலும் கிரேடு 1, அதாவது கேன்சர் இல்லை, பல வருடம் மெதுவாக வளர்வது. சின்னதாக, தொந்தரவு இல்லாமல் இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவையோ வருடத்துக்கு ஒரு தடவையோ ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே விட்டுவிடுவதும் உண்டு. காது நரம்பில் வரும் ஷ்வானோமாவும் அப்படித்தான். பிட்யூட்டரி கட்டிகளில் பால் சுரக்கும் ஹார்மோனைக் கூட்டுகிற வகைக்குப் பெரும்பாலும் ஆபரேஷனே வேண்டாம், காபெர்கோலின் மாத்திரையில் சுருங்கிவிடும். மாதவிலக்கு நின்று, குழந்தை இல்லாமல், பால் மட்டும் கசிகிறது என்று வருகிற பெண்களில் சிலருக்கு இதுதான் காரணம்.

மூளையின் திசுவிலேயே முளைப்பவை கிளையோமா. அவை கிரேடு 1 முதல் 4 வரை. கிரேடு 4 கிளையோபிளாஸ்டோமா கடுமையானது. அதைப்பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

நுரையீரல், மார்பகம், சிறுநீரகம் ஆகியவற்றில் தொடங்கிய புற்று மூளைக்கு வந்து தங்குவதும் உண்டு. பெரியவர்களில் மூளையிலேயே தொடங்கும் புற்றைவிட இதுதான் அதிகம். அதனால்தான் தலையில் கட்டி என்று வந்தவருக்கு நெஞ்சையும் வயிற்றையும் ஸ்கேன் செய்கிறார்கள்.

அப்புறம், ஸ்கேனில் கட்டி மாதிரியே தெரிந்து, கட்டியே இல்லாமல் போவதும் நம் நாட்டில் நிறைய. காசநோய் மூளையில் கட்டியாகத் திரளும். மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை சாப்பிட்டால் கரைந்துவிடும். "கேன்சர்" என்று வீடே அழுது முடித்த பிறகு காசநோய் என்று தெரிந்து, மருந்து சாப்பிட்டு நன்றாகி, மகள் கல்யாணப் பத்திரிகையை வார்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தவர் ஒருவர் உண்டு.

கத்தி பட்டால் பரவிவிடும் என்கிறார்களே?

பயாப்ஸி எடுத்ததால் கட்டி பரவுவதில்லை. துணுக்கை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் பெயரே தெரியும். இப்போது அதோடு நிற்பதில்லை. உலக சுகாதார அமைப்பு 2021ல் வெளியிட்ட வகைப்பாட்டின்படி, ஐ.டி.ஹெச். என்ற மரபணுவைப் பார்ப்பது மாதிரியான சோதனைகளையும் சேர்த்தால்தான் பல கிளையோமாக்களின் முழுப்பெயர் கிடைக்கும். ரிப்போர்ட் வர இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். அந்தக் காத்திருப்பு கொடுமைதான், ஆனால் வீண் இல்லை.

மண்டையைத் திறந்தால் ஆள் பிழைப்பாரா? பேச்சு போய்விடாதா?

நம் தாத்தா பாட்டி பயந்ததில் நியாயம் இருந்தது. உலகத்திலேயே முதல் முறையாக ஒரு நோயாளியின் மூளையை சி.டி.யில் படம் எடுத்தது 1971ல், லண்டனில். அதற்கு முன் கட்டி எங்கே இருக்கிறது என்று பாதி ஊகத்தில்தான் திறந்தார்கள். நம் நாட்டில் நரம்பியல் அறுவை சிகிச்சைக்கென்று முதல் துறையை வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949ல் தொடங்கினார். அடுத்த வருடம் சென்னை பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி. அங்கிருந்து இன்றைக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மைக்ராஸ்கோப் வைத்து ஆபரேஷன் செய்யும் காலத்துக்கு வந்திருக்கிறோம்.

முடிந்த அளவு கட்டியை எடுப்பது, எடுக்கும்போது பேச்சு, கை, கால் கெடாமல் பார்த்துக்கொள்வது, இரண்டுக்கும் நடுவில்தான் சர்ஜன் வேலை செய்கிறார். சில இடங்களில் கொஞ்சத்தை வேண்டுமென்றேதான் விட்டுவிடுவார். பிட்யூட்டரி கட்டியைப் பெரும்பாலும் மூக்கு வழியாகவே எடுத்துவிடலாம், தலையில் தையலே இருக்காது. நீர் ஓட்டம் அடைபட்டிருந்தால் ஷன்ட் என்ற மெல்லிய குழாயைத் தலையிலிருந்து வயிற்றுக்குத் தோலுக்கு அடியில் விடுவார்கள்.

பேச்சுக்கான இடத்தை ஒட்டிய கட்டி என்றால், நோயாளியை விழித்திருக்க வைத்தே ஆபரேஷன் செய்வதும் உண்டு. தோல் மரத்துப்போக ஊசி போட்டுவிடுவார்கள். மூளைக்கு வலி தெரியாது. மண்டபத்து மீனவர் ஒருவருக்கு அப்படிச் செய்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். பெயர் சொல்லச் சொல்லிக் காட்டும் படங்களில் வயலின் இருந்தது, முந்தின நாள் ஒத்திகையில் அவருக்கு அது தெரியவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக மீன் படங்கள் ஒட்டி ஒரு நோட்டு தயார் செய்தேன். மறுநாள் மேஜையில் படுத்தபடியே "சீலா... பாறை... திருக்கை... கணவாய்..." என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். சர்ஜன் ஓர் இடத்தில் மெல்லிய மின்முனையை வைத்ததும், முரல் படத்தைப் பார்த்துக்கொண்டே வாய் நின்றுவிட்டது. முனையை எடுத்ததும் "முரல்" என்றார். அந்த இடத்தில் ஒரு சின்னக் காகித எண்ணை வைத்துவிட்டு, சர்ஜன் அதைத் தொடவே இல்லை.

'கரண்ட் வைக்கணும்' என்கிறார்கள். ஷாக் அடிக்குமா?

ஊரில்தான் அதைக் கரண்ட் என்கிறோம், உண்மையில் அது கதிர்வீச்சு. எக்ஸ்ரே எடுப்பது மாதிரிதான், வலியே தெரியாது. தலை அசையாமல் இருக்க, வெந்நீரில் இளக்கிய ஒரு வலை போன்ற பிளாஸ்டிக்கை முகத்தில் அழுத்தி மாஸ்க் செய்வார்கள். மூச்சு முட்டாது, ஓட்டை ஓட்டையாக இருக்கும். கிளையோபிளாஸ்டோமாவுக்கு வழக்கமாக வாரம் 5 நாள் வீதம் 6 வாரம், மொத்தம் 30 தடவை. ஒவ்வொரு நாளும் 10, 15 நிமிடம்தான். முடி கொட்டும், அசதி நிறைய இருக்கும். அந்த நோயாளியின் உடம்பிலிருந்து கதிர் எதுவும் வெளியே வராது. வீட்டுக்கு வந்ததும் பேரனைத் தூக்கிக்கொள்ளலாம்.

கூடவே டெமோசோலோமைடு மாத்திரை கொடுத்தால் வெறும் வயிற்றில், வாந்தி மாத்திரை போட்ட பிறகு சாப்பிட வேண்டும். ரத்த அணுக்கள் குறையும் என்பதால் ரத்தப் பரிசோதனையைத் தவற விடாதீர்கள்.

கிளையோபிளாஸ்டோமா என்று வந்திருக்கிறது. எத்தனை நாள்?

உண்மையைச் சொல்கிறேன். இது முழுதாகக் குணமாவது மிக அபூர்வம். 2005ல் வெளியான பெரிய ஆய்வில் ரேடியேஷன் மட்டும் எடுத்தவர்களில் பாதிப்பேர் 12.1 மாதத்தைத் தாண்டினார்கள். டெமோசோலோமைடும் சேர்த்தபோது அது 14.6 மாதமானது. இரண்டு வருடம் தாண்டியவர்கள் நூற்றுக்கு 10 பேராக இருந்தது 26 ஆனது. பாதிப்பேர் அந்தக் கணக்கைத் தாண்டினார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். வயது, எவ்வளவு கட்டி எடுக்க முடிந்தது, கட்டியின் மரபணு எல்லாம் இதில் சேரும்.

இந்த நோயில் நிலத்தை அடகு வைத்து ஊர் ஊராக அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அலைச்சலில் போன மாதங்கள் திரும்பி வருவதில்லை. நோயாளிக்கு விவரம் சொல்வதா வேண்டாமா என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும். என் அனுபவத்தில் அவர் கேட்டால் சொல்லிவிடுவதே நல்லது. வங்கிக் கணக்கு, படகின் பங்கு, மகளிடம் சொல்ல நினைத்தது என்று அவருக்கும் முடிக்க வேண்டிய வேலைகள் இருக்கும். பேச்சு இருக்கும்போதே முடிக்கட்டும். படுக்கையான பிறகு வலிக்கும் வாந்திக்கும் படுக்கைப் புண்ணுக்கும் வீட்டுக்கே வந்து பார்க்கும் சேவை, 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

முதுகுத் தண்டில் கட்டி இருந்தால் எப்படித் தெரியும்?

படுத்தால் கூடுகிற முதுகுவலி, இரவில் எழுப்பும் வலி, காலில் மரத்துப்போவது, செருப்பு கழன்று விழுவதே தெரியாமல் நடப்பது. இதில் அவசரம் எது தெரியுமா? கால் இழுத்துக்கொள்வதும், சிறுநீர் அடைப்பதும் அல்லது தெரியாமல் போவதும். இதில் ஒன்று நடந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். நாள் கடந்தால் கட்டியை எடுத்தாலும் காலுக்குப் பலம் திரும்பாமல் போகலாம். தைலம் தேய்த்து, மிதித்து விடச் சொல்லி ஒரு வாரம் போக்காதீர்கள்.

பிள்ளைக்குக் காலையில் மட்டும் வாந்தி. பள்ளிக்கூடத்துக்குப் பயந்து நடிக்கிறானா?

ஓரிரு நாள் என்றால் வயிறாக இருக்கலாம். இரண்டு வாரமாகக் காலை வாந்தி, தலைவலி, தள்ளாடி நடப்பது, தலையை ஒரு பக்கம் சாய்த்தே வைப்பது, கண் மாறுகண் ஆவது என்றால் மூளையைப் பாருங்கள். குழந்தைகளுக்குப் பின்மூளையில் கட்டி வருவது அதிகம். அவற்றில் சில, எடுத்துவிட்டாலே குணமாகிறவை. மெடுல்லோபிளாஸ்டோமா மாதிரி கடுமையானதிலும் ஆபரேஷன், ரேடியேஷன், கீமோ மூன்றும் சேர்த்து நிறையப் பிள்ளைகள் பிழைக்கிறார்கள்.

செல்போன் டவரால் வருகிறதா?

அப்படி நிரூபணம் இல்லை. செல்போன், டவர் இரண்டிலிருந்தும் வரும் ரேடியோ அலைகளை, உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2011ல் 'புற்றுநோய் வரச் சாத்தியம் இருக்கலாம்' என்ற பட்டியலில் வைத்தது. 2024ல் உலக சுகாதார அமைப்புக்காக எல்லா ஆய்வுகளையும் திரட்டிப் பார்த்ததில் செல்போனுக்கும் மூளைக் கட்டிக்கும் தொடர்பு தெரியவில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஏன் வந்தது என்று சொல்ல முடியாது. உங்கள் தப்பு எதுவும் இல்லை.

ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம். கடலுக்குப் போகலாமா?

நம் ஊரில் இதுதான் வயிற்றுப்பாட்டுக் கேள்வி. தரையில் வலிப்பு வந்தால் விழுந்து அடிபடும், அவ்வளவுதான். வத்தையில், அதாவது சின்னப் படகில், நிற்கும்போது வந்தால் ஆள் கிடைக்க மாட்டார். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டு, நீண்ட நாள் வலிப்பே வராமல் இருந்து, டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு பேசலாம். அதுவரை கடல், மரம் ஏறுவது, வண்டி ஓட்டுவது எதுவும் கூடாது.

எங்கள் பக்கத்துப் பெண்கள் கடல்பாசி எடுக்க மூச்சடக்கி முங்குவார்கள். விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒரு நாளில் எத்தனையோ தடவை முங்கி எழுவார்கள். வலிப்பு உள்ள தங்கை யாராவது இதைப் படித்தால், அம்மா, முங்க வேண்டாம். கரையில் பாசி காயவைப்பதையும் கட்டுவதையும் நீ எடுத்துக்கொள், முங்குகிற வேலையைக் கூட்டத்தில் வேறொருவர் பார்க்கட்டும். உன்னோடு வருகிறவர்களிடம் உனக்கு வலிப்பு உண்டு என்பதை மறைக்காதே.

ராமேஸ்வரத்தில் தீர்த்தமாட நேர்ந்துகொண்டவர்கள் தையல் பிரித்துக் காயம் முழுக்க ஆறிய பிறகு ஆடுங்கள். 22 தீர்த்தத்திலும் தனியாக நிற்காதீர்கள், ஒருவர் கையைப் பிடித்திருக்கட்டும்.

ரமலான் வருகிறது. நோன்பு பிடித்தால் மாத்திரை?

மாதம் பிறக்கும் முன்பே டாக்டரைப் பாருங்கள். லெவிடிராசிடாம் மாதிரி இரண்டு வேளை வலிப்பு மாத்திரைகளை சஹரிலும் இஃப்தாரிலும் வைத்துக்கொள்ள முடிகிறவர்கள் உண்டு. எல்லோருக்கும் பொருந்தாது, தூக்கம் கெட்டாலே வலிப்பு வருகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்களாக ஒரு வேளையை நிறுத்திவிடாதீர்கள். நோயாளி நோன்பை விட்டுவிட மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறது.

ஸ்டீராய்டு கெடுதல் என்று நிறுத்திவிடலாமா?

டெக்ஸாமெத்தசோன் கட்டியைச் சுற்றிய வீக்கத்தைக் குறைக்கிறது. ஒரே நாளில் தலைவலி போய்க் கை தூக்க முடிவதால் குணமாகிவிட்டது என்று நினைக்கிறோம். கட்டி அப்படியேதான் இருக்கிறது. சாப்பிட்ட பிறகு போடுங்கள், சர்க்கரை ஏறும், பார்த்துக்கொள்ளுங்கள். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. டாக்டர் சொல்கிற மாதிரி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

செலவுக்கு என்ன செய்வது? எங்கே போவது?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குப் போக வேண்டும். நோய் வந்த பிறகு ஓடுவதைவிட முன்னாலேயே எடுத்து வைப்பது நல்லது.

ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முதல் பரிசோதனையை அங்கே தொடங்கலாம். ஆபரேஷனுக்குப் பெரும்பாலும் மதுரைதான், ரேடியேஷனுக்கு அங்கே பாலரெங்காபுரம் அரசுப் புற்றுநோய் மையம். ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 170 கிலோமீட்டர் என்பதால், ஆறு வாரமும் தினம் போய்வர நினைக்காதீர்கள். தங்க இடம் கிடைக்குமா என்று மையத்தின் சமூகப் பணியாளரிடம் கேளுங்கள். புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்த பிறகு தீவிலிருந்தே மறுபடி ரயில் ஏறலாம். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கும் கூட வரும் ஒருவருக்கும் ரயிலில் கட்டணச் சலுகை உண்டு, மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நாளைக்கு மதுரை கிளம்புகிறோம். என்ன எடுத்துக்கொள்வது?

எல்லா ஸ்கேன் ஃபிலிமும், ஸ்கேன் படம் பதிந்து கொடுத்த குறுந்தகடும் சேர்த்து. ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, டாக்டர் படத்தைப் பார்க்க வேண்டும். ஃபிலிமை மடிக்காதீர்கள், சுருட்டாதீர்கள். பழைய டிஸ்சார்ஜ் தாள், பயாப்ஸி ரிப்போர்ட், சாப்பிடுகிற மாத்திரைகளின் அட்டைகள், காப்பீட்டு அட்டை, ஆதார் நகல் நான்கைந்து. வலிப்பு வந்ததை யாராவது போனில் எடுத்திருந்தால் அந்த வீடியோ டாக்டருக்குப் பத்துக் கேள்வியை மிச்சப்படுத்தும். வலிப்பு வந்ததை நேரில் பார்த்தவரையே துணைக்குக் கூட்டிப்போங்கள். கேட்க நினைத்ததை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், அங்கே போனால் பாதி மறந்துவிடும். வலிப்பு மாத்திரையை மட்டும் பெரிய பையில் போடாமல் கைப்பையில் வையுங்கள். பரமக்குடி தாண்டும்போது ராத்திரி மாத்திரை நேரம் வந்துவிடும்.